பச்சோந்திக்கும் வாத்துக்கும் பொருத்தம் எப்படி?

பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்வார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை நாக்கை நீட்டச் சொன்னார்கள்.

சொன்னவர் வேதவல்லி அம்மாள், மாப்பிள்ளை நீலமேகத்தின் தாயார். மடியில் பஜ்ஜித் தட்டை வைத்துக்கொண்டே சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதேம்மா. பச்சோந்திக்கு நாக்கு உடம்பை விட நீளம்னு டிவியில காட்டினாங்க. நாளைக்கு ஒரு விசேஷத்துல பந்தியில உட்கார்ந்து, எதிர் வரிசைக்காரங்க அப்பளத்தை எடுத்துட்டேன்னா நான்ல பதில் சொல்லணும்?”

நீட்டினேன். கைப்பேசி வெளிச்சத்தை அடித்து அடிநாக்கு வரை பார்த்தார். அளவான நாக்குதான் என்று திருப்தியாகி மறுபடி பஜ்ஜிக்குத் திரும்பினார். முப்பது வருடம் பேருந்து ஓட்டிய என் அப்பா குமாரசாமி, எதிரே லாரி வருகிற மாதிரி சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அவமானத்தை மறைத்துக்கொள்ளலாம் என்றால் என் உடம்பு அதற்கு ஒத்துழைக்காது. கழுத்திலிருந்து கன்னம் வரை கறுப்பும் மஞ்சளுமாக வரி வரியாக ஏறிவிட்டது.

“ஐயோ, மாறுது பாருங்க!” என்று நீலமேகத்தின் சித்தி ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வருடத்தில் ஏழு மாதம் மழைக்காலம் என்று ஆன பிறகு, சென்னையில் பிழைக்க மனித உடம்பு மட்டும் போதவில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஏதாவது ஒரு பிராணியின் குணத்தை உடம்பில் சேர்த்து அனுப்புவார்கள். அதற்கு ஒட்டு என்று பெயர். மாஞ்செடியில் போடுகிறோமே, அதே மாதிரி. நான் வேளச்சேரியில் மழைநீர் இறைக்கும் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். இடது சுவரில் அறுபது திரை, வலது சுவரில் அறுபது திரை, பார்ப்பதற்கு ஒரே ஆள். அதனால் எனக்குப் பச்சோந்திக் கண். ஒன்று இந்தப் பக்கம் சுழலும், ஒன்று அந்தப் பக்கம் சுழலும். கண் மட்டும் போதும் என்றுதான் கேட்டேன். காய்கறிக்காரர் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதுபோல் தோலையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள்.

என் பெயர் அங்கயற்கண்ணி. சிரிக்க வேண்டாம், இது ஒட்டுக்கு முன்பே வைத்த பெயர். கயல் என்று கூப்பிடுவார்கள்.

நீலமேகத்துக்குப் புள்ளிமூக்கு வாத்து. மார்பளவு தண்ணீரில் நின்று மின்பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. கரையேறினால் உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அவருக்கும் கொசுறு உண்டு. கால்விரல்களுக்கு நடுவில் ஜவ்வு, அதனால் வார்ச்செருப்பு போட முடியாது. நடை லேசாக ஆடும். இடது சுவரின் பதினேழாம் திரையில்தான் அவரை முதலில் பார்த்தேன். “மேடம், மூணாம் நம்பர் பம்பைக் கொஞ்சம் நிறுத்துங்க, காலை இழுக்குது” என்று வயர்லெஸ்ஸில் கேட்டார். உயிர் போகிற விஷயத்தை டீ வேண்டும் என்பதுபோல் கேட்ட அந்தக் குரலில்தான் விழுந்தேன். மூன்று மழைக்காலம் பேசினோம். அவர் கோபப்பட்டோ பதறியோ நான் பார்த்ததில்லை. யார் எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே நிற்பார். மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சுற்றி வளைப்பானேன், அவர் மேல் பைத்தியமாக இருந்தேன்.

இரண்டு பேர் சம்மதித்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. திருச்சிப் பக்கம் கீரி ஒட்டுப் போட்ட ஒருவர், பாம்பு ஒட்டுப் போட்ட மனைவியை முதலிரவிலேயே கடித்துவைத்தாராம். அன்றிலிருந்து ஒட்டுக்காரர் இருவர் கல்யாணம் செய்துகொள்வதென்றால் உயிரினப் பொருத்தச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் ஊரில் இது ஒன்றும் புதிதில்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கும்போது நட்சத்திரத்துக்கு ஒரு மிருகம் சொல்லி, பூனைக்கும் எலிக்கும் ஆகாது, யானைக்கும் சிங்கத்துக்கும் ஆகாது என்று காலங்காலமாகத் தள்ளிக்கொண்டுதானே இருந்தோம்? என்ன, அந்தப் பட்டியலில் பதினாலே மிருகம். பச்சோந்தியும் இல்லை, வாத்தும் இல்லை.

பொருத்தம் சரியில்லை என்றால் ஒரே ஒரு வழி உண்டு. இருவரில் ஒருவர் ஒட்டைக் கழற்றிவிட வேண்டும். தோலைக் கழற்றினால் தோல் வளர்ந்துவிடும். கண்ணைக் கழற்றினால் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். என்னோடு சேர்ந்து ஒட்டுப் போட்ட சுகிர்தா கல்யாணத்துக்காகக் கழற்றினாள். இப்போது அவளுக்கு வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிகிறது. நன்றாகச் சமைக்கிறாள் என்று மாமியார் வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

“பொருத்தம் வந்துட்டா சரி. வரலேன்னா பொண்ணு கழற்றிடட்டும்” என்று சொல்லிவிட்டு வேதவல்லி அம்மாள் கை கழுவ எழுந்தார். என் பயமெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது.

பொருத்த அலுவலகம் சைதாப்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. கீழ்த்தளம் தண்ணீருக்குள் இருந்ததால் படகிலிருந்து நேராக ஜன்னல் வழியாக ஏறிப் போனோம். உள்ளே ஒரே மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் விலங்கியல் படித்த டாக்டர் ஜெசிந்தா, இன்னொன்றில் ஜோதிடர் பஞ்சநாதன். விஞ்ஞானிதான் வேண்டும் என்று ஒரு கட்சியும், ஜோதிடர்தான் வேண்டும் என்று ஒரு கட்சியும் சட்டசபையில் ஒரு வாரம் சண்டை போட்டு, கடைசியில் இருவரும் இருக்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். இருவருக்கும் ஒரே பேனா.

“தமிழ்நாட்டுல பச்சோந்திக்கும் வாத்துக்கும் நீங்கதான் முதல் ஜோடி” என்றார் டாக்டர் ஜெசிந்தா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அதனால கவனமா செய்யணும். இன்னிக்கு நான் எதை டிக் அடிக்கிறேனோ, அதுதான் அட்டவணையில ஏறும். நட்பு, இல்லேன்னா பகை. நடுவுல எதுவும் கிடையாது.”

முப்பத்திரண்டு கேள்வி உள்ள படிவம். முதல் கேள்வி, இருப்பிடம். பச்சோந்திக்கு மரம், வாத்துக்குத் தண்ணீர்.

“நாங்க ரெண்டாவது மாடி” என்றார் நீலமேகம். “கீழே தண்ணி, மேலே காத்து. ரெண்டும் கிடைக்கும்.” சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அடுத்தது உணவு. வாத்து புல் விதை, நீர்ச்செடி, நத்தை எல்லாம் தின்னும், பச்சோந்திக்குப் பூச்சிதான் என்று டாக்டர் வாசித்தார். அப்பா அவசரமாகக் குறுக்கே விழுந்து, “எங்க வீட்டுப் பொண்ணு சாம்பார் சாதம்தாங்க சாப்பிடும்” என்றார்.

“படிவம் இனத்தைப் பத்தித்தான் கேக்குது சார். ஆளைப் பத்திக் கேக்கலை.”

“முட்டை?” என்றார் ஜோதிடர். அவருக்கு அவசரம்.

“ரெண்டுமே முட்டை போடும்.”

“ஆஹா, பிரமாதமான பொருத்தம்” என்று ஜோதிடர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஆனா வாத்து முட்டை மேல உட்கார்ந்து அடைகாக்கும். பச்சோந்தி மண்ணுல குழி பறிச்சுப் போட்டு மூடிட்டுப் போயிடும். திரும்பிக்கூடப் பாக்காது.”

வேதவல்லி அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “பேரப்புள்ளையை மண்ணுல போட்டு மூடிடுவாளா?”

“அத்தை, நான் மூட மாட்டேன்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அவருக்கு அதில் நம்பிக்கை பிறந்ததாகத் தெரியவில்லை. ஜோதிடர் பக்கம் திரும்பி, வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்ததைக் கேட்டார். “சாமி, பச்சோந்தின்னா பல்லி ஜாதிதானே? இவ என் பையன் தோள்ல சாஞ்சா, பல்லி விழுந்த பலன் பார்க்கணுமா?”

ஜோதிடர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். பஞ்சாங்கத்தை எடுத்தார். “இடது தோளா, வலது தோளா?”

“பஞ்சநாதன் சார்” என்றார் டாக்டர் ஜெசிந்தா. “இது அறுபத்தி ரெண்டு கிலோ. மேல விழுந்தா பலன் எலும்பு டாக்டருக்குத்தான்.”

இப்படியே முப்பது கேள்வி போனது. முப்பத்தொன்றாவது கேள்வி, வெளித்தோற்றமும் உள்மனமும் ஒன்றா என்பது. வேதவல்லி அம்மாள் உஷாரானார்.

“அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். கட்சி மாறுறவனை என்னன்னு திட்டுறோம்? பச்சோந்தின்னுதானே? அப்படிப்பட்ட பொண்ணை எப்படி நம்பி வீட்டுக்குள்ள விடுறது?”

“அங்கேதாம்மா எல்லாரும் தப்பு பண்றாங்க” என்றார் டாக்டர். “பச்சோந்தி ஒளிஞ்சுக்கிறதுக்காக நிறம் மாறுதுன்னு நினைக்கிறோம். பெரும்பாலும் அது மனசுக்குத் தகுந்த மாதிரிதான் மாறும். பயந்தா கறுக்கும், கோபம் வந்தா வரி ஏறும். அதால பொய் சொல்லவே முடியாது. ஆனா வாத்து இருக்கே, கூட்டுப் பக்கம் நரி வந்தா, தாய் வாத்து இறக்கை ஒடிஞ்ச மாதிரி தொங்கப்போட்டு நொண்டி நொண்டி நடிச்சு ஏமாத்தும். உள்ளே என்ன இருக்குன்னு வெளியே தெரியாது.”

“என் பையன் நடிக்க மாட்டான்.”

“நான் வாத்தைச் சொன்னேம்மா.”

நீலமேகம் சிரித்தார்.

கடைசியாகச் சேர்ந்திருக்கும் சோதனை. பச்சோந்தி தனியாகவே வாழ்கிற பிராணி, பக்கத்தில் இன்னொன்று வந்தாலே கறுத்துவிடும். அதனால் மாப்பிள்ளை பக்கத்தில் அரைமணி நேரம் பெண் உட்கார வேண்டும், நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு. எனக்கு இடப்பக்கம் நீலமேகத்தை உட்கார வைத்தார்கள். வலப்பக்கம் நாற்காலி காலியாக இருந்ததால் வேதவல்லி அம்மாள் உட்கார்ந்துகொண்டார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து நிமிஷம் ஆனதும் டாக்டர் எழுந்து வந்து என் முகத்தை இடது பக்கமிருந்து பார்த்தார். பிறகு வலது பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடி இடது பக்கம் வந்தார். “பஞ்சநாதன் சார், இங்கே வாங்க.”

கண்ணாடியைக் காட்டினார்கள். மூக்கை நடுக்கோடாக வைத்து எனக்கு இரண்டு முகம். வலது கன்னம், வலது கை எல்லாம் அடுப்புக்கரி. இடது பாதி வெளிறிப்போய், இளந்தளிர் மாதிரி இருந்தது.

“என் பையன் பக்கத்துல உட்கார்ந்து இப்படி வெளுத்துப்போறாளே!” என்றார் வேதவல்லி அம்மாள். “பிடிக்கலைன்னு இதுக்கு மேல எப்படிம்மா சொல்லுவா?”

“வெளுக்கறது பிடிக்காததால இல்லே” என்றார் டாக்டர். அவர் குரலே மாறியிருந்தது. “பச்சோந்தி தூங்கும்போதுதான் இப்படி வெளுக்கும். ஒரு பயமும் இல்லாத நேரத்துல மட்டும். விழிச்சிருக்கிறப்பவே இந்த நிறம் வந்து நான் பார்த்ததில்லை.”

“என் புள்ளை பக்கத்துல உட்கார்ந்தா இவளுக்குத் தூக்கம் வருதாமா?”

அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் டாக்டர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது, தடுக்க வழியில்லை. “நீங்க ரெண்டு பேரும் இடம் மாறி உட்காருங்க” என்றார்.

தாயும் மகனும் மாறி உட்கார்ந்தார்கள். நான் அசையவில்லை. இரண்டே நிமிஷத்தில் கறுப்பு என் மூக்கைத் தாண்டி இடது பக்கம் போனது. வெளிறல் வலது பக்கம் வந்தது. நான் யாரைக் கண்டு பயப்படுகிறேன் என்பது ஜோதிடருக்குக்கூடப் புரிந்துவிட்டது.

உலகத்தில் எத்தனையோ மருமகள்கள் மாமியாரிடம் பயந்திருக்கிறார்கள். வெறுத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் அதை மடித்து உள்ளே வைத்துக்கொள்ள ஒரு முகம் இருந்தது. எனக்கு மட்டும் அரசாங்க அலுவலகத்தில், சாட்சிகள் முன்னிலையில், ஒன்றரை அடி தூரத்தில் தெரிந்துவிட்டது. செத்துவிடலாம் போல இருந்தது.

வேதவல்லி அம்மாள் கத்துவார் என்று நினைத்தேன். என் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கறுப்பைத் தடவிப் பார்த்தார், கையில் ஒட்டுகிறதா என்பதுபோல்.

“நானும் இப்படித்தாம்மா உட்கார்ந்திருந்தேன்” என்றார். “பொண்ணு பார்க்க வந்தப்ப. என் மாமியார் என் பல்லை எண்ணினாங்க. உள்ளே இதே கறுப்புதான். வெளியே மட்டும் சிரிச்சுக்கிட்டிருந்தேன். இருபத்தாறு வருஷம் சிரிச்சேன். சாகிறப்ப, எனக்குப் பிடிச்ச மருமக நீதான்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு அவங்களைக் கண்டாலே ஆகாதுன்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது.”

அவர் என் கையை விடாமல் பேசினார்.

“அதனாலதான் சொல்றேன், கழற்றிடு. முதல்ல குடும்பத்துக்காகச் சொன்னேன். இப்ப உனக்காகச் சொல்றேன். மனசு வெளியே தெரியற பொம்பளை ஒரு வீட்டுல குடித்தனம் பண்ண முடியாதும்மா. உன்னைத் தின்னுடுவாங்க. நானே தின்னுடுவேன்.”

அந்தக் கை சூடாக இருந்தது. நான் அழுதேன். “கண்ணு போயிடும் அத்தை. சுகிர்தாவுக்குப் போயிடுச்சு. என்னால முடியாது.”

டாக்டர் ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தார். “நீலமேகம், நீங்க ஒண்ணுமே சொல்லலையே. அவங்க கழற்றணுமா, வேண்டாமா?”

எல்லோரும் அவரைப் பார்த்தோம். நான் வலது கண்ணால் பார்த்தேன். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். ஏன், கழற்று என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுப் பார்த்திருப்பேன். அவர் கன்னத்தைத் தோளில் ஒருமுறை தேய்த்துக்கொண்டார். வாத்து இறகைக் கோதுகிற பழக்கம் அது. பிறகு அழகாகச் சிரித்தார்.

“அம்மா சொல்றதும் நியாயம்தான். கயல் சொல்றதும் நியாயம்தான். நீங்க எல்லாரும் பார்த்து என்ன முடிவு பண்ணினாலும் எனக்குச் சம்மதம் மேடம்.”

எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயமா கோபமா என்றுகூடத் தெரியவில்லை. “ஐயோ, கயலு” என்று அப்பா எழுந்த பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் பக்கம் இருந்த பாதி கறுத்துக்கொண்டு வந்தது. விரல் நுனியில் தொடங்கி, கழுத்தில் ஏறி, காது வரைக்கும். வேதவல்லி அம்மாள் பிடித்திருந்த கை மட்டும் மணிக்கட்டு வரை வெளிறியிருந்தது.

அதை எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த அம்மாள்தான். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

“பகைன்னு போட்டுடுங்க டாக்டர்.”

“அம்மா!” என்றார் நீலமேகம்.

“நீ சும்மா இரு. எல்லாத்துக்கும் சம்மதம்னியே, இதுக்கும் சம்மதிச்சுக்க.”

டாக்டர் டிக் அடித்தார். ஜோதிடர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் கல்யாணம் இல்லாமல், கண்ணோடு வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் அழுதேன். பிறகு எப்போதாவது அழுதேன். பதினேழாம் திரையில் வேறொரு ஆளை வேலைக்கு மாற்றியிருந்தார்கள், அதுவும் நல்லதாகப் போயிற்று. சொன்னால் நம்பமாட்டீர்கள், வேதவல்லி அத்தை மட்டும் வாரம் ஒருமுறை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. முத்தரசி என்று ஒரு பெண். துறைமுகத்தில் காவல் வேலை, என்னைப்போல் பச்சோந்திக் கண். அவள் கட்டிக்கொள்ள இருந்தவன் கப்பலடியில் முங்கி வேலை பார்க்கிற அந்தோணி. அவனுக்கு வாத்து.

“எக்கா, எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சுக்கூடப் பார்க்கலக்கா. அட்டவணையில பகைன்னு போட்டிருக்காம், அதனால சோதனையே வேண்டாம்ங்காவ. இந்த வருசம் மட்டும் பதினோரு சோடியத் திருப்பி அனுப்பிட்டாவளாம். நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போவலேன்னா, அதுக்கு நாங்க என்னக்கா செய்வோம்?” குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு மூணு மாசம்க்கா. அந்தோணி வீட்டுல என்னக் கழத்தச் சொல்லுதாவ.”

அவளுக்கு என் முகம் தெரியாது, போன்தான். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் ஒரு பாதி கறுத்ததற்குப் பதினோரு பேர் கண் போகப்போகிறதே!

மறுநாளே டாக்டர் ஜெசிந்தாவிடம் ஓடினேன். “வாத்து மேல தப்பே இல்லே மேடம். நீலமேகம்னு ஒரு ஆள் மேலதான் தப்பு. அப்படின்னு எழுதுங்க.”

“எங்கே எழுதறது கயல்? படிவத்துல ஆள் பேருக்கு இடமே கிடையாது. இனம்தான்.” அவரும் இதை நினைத்து வருந்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார், கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. “மாத்தணும்னா ஒரே வழி. முதல் ஜோடி மறுபடி வந்து உட்காரணும். உன் நிறம் வெளுக்கணும். உன்னால முடியுமா?”

முடியாது. நீலமேகம் என்று நினைத்தாலே முழங்கை வரை கறுக்கிறது. சம்மதித்து உட்காரலாம், தோலுக்குச் சம்மதம் வேண்டுமே? வேதவல்லி அத்தைக்குப் போன் போட்டு ஒரு மூச்சு அழுதேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். “தூங்கிடேன்.”

“என்னது?”

“தூங்கினா வெளுக்கும்னு டாக்டரம்மா சொல்லலையா? நெசமாவே தூங்கிடு. நடிப்பும் இல்லே, பொய்யும் இல்லே. அவனை நான் கூட்டிட்டு வரேன்.”

ஒரு நாள் முழுக்க மூன்று ஷிப்டையும் தொடர்ந்து நானே பார்த்தேன். நூற்றிருபது திரையையும் விடாமல் பார்த்தேன். மறுநாள் காலை பதினொரு மணிக்குப் படகில் ஏறும்போது ஒரு கண் மூடியிருந்தது, இன்னொரு கண்ணால்தான் ஜன்னலைக் கண்டுபிடித்து ஏறினேன். அப்பா என்னை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். நாற்காலி, வலப்பக்கம் அத்தை, இடப்பக்கம் நீலமேகம், அவர் சட்டையில் சோப்பு வாசனை. “எப்படி இருக்கே கயல்?” என்று கேட்டது காதில் விழுந்தது. கறுக்கத் தொடங்கியதுகூட ஞாபகம் இருக்கிறது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை.

பிறகு நடந்ததை அப்பா சொன்னார். நான் ஐந்து நிமிஷத்தில் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டேனாம். தலையிலிருந்து கால் வரை வெளிறிவிட்டேனாம். “அம்மணி தூங்குறாப்ல இருக்கே?” என்று ஜோதிடர் ஆரம்பித்தபோது, டாக்டர் ஜெசிந்தா உதட்டில் விரல் வைத்து, “சத்தம் போடாதீங்க சார், நிறம் மாறிடும்” என்றாராம். நட்பு என்று டிக் அடித்து, முத்திரை குத்தி, அட்டவணையையும் அப்போதே திருத்தினார்களாம்.

நான் விழித்தபோது தலை வேதவல்லி அத்தையின் தோளில் இருந்தது. அவர் புடவையில் என் எச்சில். நீலமேகம் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்புறம் என்ன கயல்? நட்புன்னு வந்தாச்சு. அம்மாவுக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு. இனிமே தடையே இல்லையே?”

பச்சோந்தி எப்போதும் இரண்டு கண்ணையும் இரண்டு பக்கம்தான் வைத்திருக்கும். இரையின் மேல் நாக்கை வீசுவதற்கு முந்தின வினாடியில் மட்டும் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். ஒட்டுப் போட்டு ஆறு வருடத்தில் என் கண்கள் அன்றுதான் முதல் தடவையாக ஒன்றாகத் திரும்பின.

“உங்க பக்கத்துல நான் ஒரு தடவை முழிச்சுக்கிட்டிருக்கும்போதே வெளுத்தேன்” என்றேன். “அவ்வளவு நம்பினேன். என் கண்ணு போகட்டுமா வேண்டாமான்னு கேட்டப்ப, ரெண்டும் நியாயம்னு சொன்னீங்க. இன்னிக்கு உங்க பக்கத்துல வெளுக்கறதுக்கு நான் ஒரு நாள் பூரா தூங்காம இருக்க வேண்டியிருந்துச்சு. தடை இல்லைதான். எனக்கு நீங்க வேண்டாம்.”

அவர் சிரிப்பு அப்படியே சிறிது நேரம் நின்றது. பிறகு கண்ணில் நீர் வந்தது. அந்தக் கன்னத்தில் நீர் எப்படி நிற்கும்? முத்து முத்தாக உருண்டு, ஒரு கோடுகூட விடாமல் கீழே போயிற்று. சட்டைதான் நனைந்தது. அவர் அதைக் குனிந்து ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதுவும் என் கையில் தெரிந்திருக்கும், மறைக்கவில்லை.

வேதவல்லி அத்தை எழுந்து முந்தானையால் மகனின் சட்டையைத் துடைத்துவிட்டார். டாக்டர் ஜெசிந்தா வராந்தாவை எட்டிப் பார்த்து, தூத்துக்குடி முத்தரசியும் அந்தோணியும் உள்ளே வரலாம் என்றார்.